செல்வின் வீட்டு ஜெபக்குறிப்பு

புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் அந்த மின்விசிறியை ஒரு பாயிண்ட் குறையுங்கள். என் குரல் இப்போதெல்லாம் பின்வரிசை வரை எட்டுவதில்லை.

மூன்று நாளாக வேதாகமத்தின் அந்த நிருபத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்திருக்கிறீர்கள். பல ஊர்களில் சிதறிப்போன ஆதிச் சபை மக்களுக்கு எழுதப்பட்ட ஐந்தே அதிகாரக் கடிதம். கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், எந்தக் காலத்தில் எழுதியது என்பதையெல்லாம் செமினரி வாத்தியார் சொல்லியிருப்பார். எனக்கு அதெல்லாம் தெரியாது. பத்தாம் வகுப்பும் ஒரு வருஷ வேதாகமப் பயிற்சியும்தான் என் படிப்பு. ஆனால் திருவனந்தபுரத்தில் நம்முடைய இந்தத் தமிழ்ச் சபையில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த நிருபத்தை நான் புரிந்துகொண்டது வகுப்பில் இல்லை, ஒரு ஹாஸ்டல் சமையலறையின் பின்வாசலில். அந்தக் கதையைச் சொல்லத்தான் அச்சன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஊருக்குப் புதியவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே போதகரை அச்சன் என்றும் அவர் மனைவியைக் கொச்சம்மா என்றும்தான் கூப்பிடுவோம்.

நான் வாயாடி. பிறவியிலேயே அப்படித்தான். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் மதியம் முழங்காலிட்டு ஜெபம் ஆரம்பித்தேன். ஆதியாகமத்தில் தொடங்கி அந்த வீட்டுப் பேரப்பிள்ளையின் பரீட்சைக்கு வருவதற்குள் ஒரு நாற்றம். வீட்டுக்காரி கண்ணைத் திறக்காமலே, "எக்கா, ஆமென் சொல்லுங்க, சோறு கரியுது" என்றாள். கேட்பதற்கு வேகமாக இரு, பேசுவதற்கு நிதானமாக இரு என்று அந்த நிருபக்காரர் சொன்னதை அன்றைக்கே பிடித்துக்கொண்டிருக்கலாம். நான் பிடித்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்போதெல்லாம் புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்துவேன். வாரம் முழுக்கச் சந்தித்த வீடுகளின் விண்ணப்பங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பேன். ஒவ்வொன்றாக வாசிப்பேன், எல்லோரும் ஜெபிப்பார்கள். மற்ற சபைகளில் 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக' என்று மொட்டையாகச் சொல்வார்கள். நான் எந்தச் சகோதரி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, டாக்டர் என்ன சொன்னார் வரைக்கும் சொல்வேன். விவரம் தெரிந்தால்தானே பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்பது என் கட்சி. கூட்டத்துக்கு ஆள் கூடியது. விவரத்துக்காகக் கூடினார்களா, ஜெபத்துக்காகக் கூடினார்களா என்று நான் யோசித்ததே இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் புஷ்பத்தின் வீட்டுக்குப் போனேன். புஷ்பம் போனக்காட்டில் பிறந்தவள். தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே இறங்கி வந்து ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் செல்வின் திருநெல்வேலிப் பக்கம். பழவங்காடியில் நம் சபை கமிட்டி அங்கத்தினர் ஒருவரின் துணிக்கடையில் பன்னிரண்டு வருஷமாக சேல்ஸ்மேன். அந்த முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். செல்வினை ஐந்து வாரமாக ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் காணவில்லை. ஊரில் அப்பாவுக்குச் சுகமில்லை, போயிருக்கிறார் என்று புஷ்பம் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அண்ணாச்சியும் லீவு கொடுத்து, அவர் இடத்தை அப்படியே வைத்திருந்தார்.

அன்று புஷ்பம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, அவுக ஊருக்குப் போவல. மனநல ஆஸ்பத்திரில இருக்காவ. ராத்திரி தூக்கமே இல்லாம, யாரோ தண்ணியில வெசம் கலக்குதான்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. இப்ப நல்லா சுகமாயிட்டு. அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு விடுதோம்னு டாக்டர் சொல்லியாச்சு. வேலைக்குப் போயி பழையபடி இருந்தா அதுதான் பாதி மருந்துன்னாரு. ஒங்ககிட்ட மட்டும்தான் சொல்லுதேன். ஜெபம் பண்ணுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். எனக்கும் அழுகை வந்தது. அந்த அழுகை பொய்யில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாள் நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் என்னை ராட்சசி என்று நினைப்பீர்கள்.

மறுநாள் புதன். 'ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்று நிருபமே சொல்கிறது' என்று ஒரு முன்னுரை வேறு கொடுத்துவிட்டு, நோட்டைத் திறந்து செல்வின் பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். தண்ணீரில் விஷம் என்ற பயத்தையும் சொன்னேன். ஹால் முழுக்க 'ஐயோ' என்று ஒரு சத்தம். பிறகு எல்லோரும் உருகி ஜெபித்தார்கள். ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. ஜெபக்கூட்டத்தில் சொல்வது வெளியே சொல்வதாகுமா? இன்று ஜெபம் நன்றாக இருந்தது என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் யாரோ அதைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கையைப் போட்டேன். அண்ணாச்சியின் மனைவி அன்று கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். எனக்கு அதுகூட நினைவில் தங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் புஷ்பம் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன்.

"எக்கா, அண்ணாச்சி விளிச்சாரு. அவன் ஒடம்பப் பாக்கட்டும், இனிமே கடைக்கு வரவேண்டாம்னுட்டாரு. நான் ஆஸ்பத்திரிக்குப் போம்போதெல்லாம் அவுக கேக்குத ஒரே கேள்வி, அண்ணாச்சி என் எடத்த வச்சிருக்காரான்னுதான். வியாழக்கிழமை வெளிய வரும்போது நான் என்னத்தச் சொல்ல? நீங்களே சொல்லித் தாங்க."

போனை வைத்துவிட்டாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது முதலில் தோன்றுவதை நம்பாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது, 'நான் அப்படிச் சொல்லவில்லை, கேட்டவர்கள் கூட்டிச் சொல்லிவிட்டார்கள்' என்று சாதித்துவிடலாம் என்பது. ஹாலில் அத்தனை பேர் இருந்தார்களே, எப்படிச் சாதிப்பது? இரண்டாவது தோன்றியது, அச்சனிடம் தள்ளிவிடலாம். அவர் பேராயர் கூட்டிய கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். மூன்றாவது தோன்றியதைச் செய்தேன். பஸ் ஏறி நேராகப் பழவங்காடிக்குப் போய், கடைக்குள் நுழைந்து, அண்ணாச்சிக்கு அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. நான் முடிக்கும்வரை கேட்டார். சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எக்கா, கத்திரிக்கோலும் இரும்புக்கோலுமா பொழங்குற எடம் இது. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா கஸ்டமருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? எனக்கு அவன்மேல வருத்தமா? ஒண்ணும் கிடையாது. தண்ணியில வெசம் அது இதுன்னு நீங்கதானே எழும்பி நின்னு சொன்னிய? ஒங்க வாயில வந்தத வச்சிதானே நான் முடிவு எடுத்தேன். இப்ப நீங்களே வந்து வேற மாதிரி பேசினா நான் எத நம்ப?"

கடையை விட்டு வெளியே வந்து நின்றேன். பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் இரண்டு போய்விட்டது. வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அங்கிருந்து ஹாஸ்டலுக்குப் போனேன். சமையலறைப் பின்வாசலில் புஷ்பம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கடைக்குப் போனதைச் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எக்கா, போதும். இனி யாருட்டயும் போயி பேசாண்டாம். நீங்க பேசப் பேச கூடத்தான் செய்யுது."

"புஷ்பம், தப்புப் பண்ணிட்டேன். என்னைய மன்னிச்சிரு."

"எங்கிட்ட சொன்னா ஆச்சா? எங்க வச்சி சொன்னியளோ அங்க வச்சி சொல்லுங்க."

"அங்க போயி என்னத்தச் சொல்ல? திரும்ப ஒங்க கதையத்தானே கெளப்பணும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க காரியத்தத்தான் நல்லா விளக்கமாச் சொன்னியளே. ஒங்க காரியத்தச் சொல்லுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

வீட்டுக்கு வந்து நிருபத்தை எடுத்தேன். கடைசி அதிகாரம். ஒருவருக்காக ஒருவர் ஜெபியுங்கள் என்ற அந்த வாக்கியம் நான் நினைத்த இடத்தில் தொடங்கவில்லை. அதற்கு முன்னால், உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார். உங்கள் குற்றங்களை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் வாசித்திருக்கிறேன். எல்லார் வீட்டுக் காரியத்தையும் அறிக்கையிட்டேன், என் வீட்டுக் காரியம் ஒன்றே ஒன்று நீங்கலாக.

அந்த ஒன்று இதுதான். என் இருபத்தேழாவது வயதில் இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோனது. அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. பிள்ளை பக்கத்து வீட்டில் அழுகிறது, பாலுக்குக் கேட்கிறது என்று கதவு கதவாகத் தட்டியிருக்கிறேன். நான்கு மாதம் அதே ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் இருந்தேன். இந்த ஊரில் அந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கும், உங்களுக்குத் தெரியும்.

அப்போது இருந்த அச்சனின் மனைவி, அந்தக் கொச்சம்மா, சனிக்கிழமை தவறாமல் வருவார். தூக்குவாளியில் கஞ்சியும் பயறும். பக்கத்தில் உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசமாட்டார். பிறகு என் தலையில் கையை வைத்து மெதுவாக ஜெபிப்பார். சபையில் யார் என்னைக் கேட்டாலும் "வரும், வரும், கொறச்சு நாள் கழிஞ்சா வரும்" என்பாராம், கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்று. அவ்வளவுதான். அச்சனிடம்கூடச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்த அடுத்த ஞாயிறே ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை என்னிடம் கொடுத்தார். சில வருஷம் கழித்து இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னதும் அவர்தான். ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒரே ஒரு தடவை அவர் வாயைத் திறந்திருந்தால் என்னை நம்பி யாராவது ஒரு பச்சைப்பிள்ளையைக் கையில் கொடுத்திருப்பார்களா? அவருடைய அடக்கத்தன்று அவர் பெற்ற பிள்ளைகளைவிட அதிகமாக அழுதவள் நான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. முப்பத்தொரு வருஷம் நான் தின்ற சோறு அந்த அம்மா பேசாமல் இருந்ததால் கிடைத்த சோறு. இன்றைக்கும் அவரை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடும். அப்படிப்பட்டவரிடம் வாங்கியதை நான் புஷ்பத்துக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான் அன்று என்னை அறுத்தது.

ஞாயிறு சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன், புதன்கிழமை எழுந்து நின்று சொல்லப்போகிறேன் என்று. "ஒனக்கு என்ன பைத்தியமா?" என்றார், வழக்கமாகச் சொல்வது போல. சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடக்க முடியாமல் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபின் அவர் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகளுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம், யோசிச்சியா?" என்றார். யோசித்திருந்தேன். மகளிடமும் சொன்னேன். அவள் மலையாளத்தில்தான் பேசுவாள். "அம்ம பறஞ்ஞோ" என்றாள். சொல்லிக்கொள் அம்மா என்று. அவ்வளவுதான்.

புதன்கிழமை வந்தது. மறுநாள் செல்வின் வெளியே வருகிறார். ஹால் நிறைந்திருந்தது. நோட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். எழுந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செல்வின் பெயரை எடுக்கவில்லை.

"போன வாரம் இந்த இடத்தில் நின்னு, எங்கிட்ட நம்பிக்கையா சொன்ன ஒரு காரியத்த ஜெபம்ங்கிற பேர்ல வெளிய சொல்லிட்டேன். அது பாவம். அறிக்கை பண்ணணும்னா என் காரியத்தத்தான் பண்ணியிருக்கணும். இன்னைக்குப் பண்றேன். நானும் அதே ஆஸ்பத்திரியில நாலு மாசம் இருந்தவதான். ஏழு வருஷம் மாத்திர சாப்பிட்டேன். அதுக்குப் பிறகுதான் ஒங்க வீடுகளுக்கு வந்தேன். இங்க இருக்கிற எத்தனையோ பிள்ளைகள மொத மொத குளிப்பாட்டினது இந்தக் கைதான். கல்யாண வீட்டுல கத்தி பிடிச்சு காய் வெட்டினதும் இந்தக் கைதான். ஒரு நாளும் ஒங்க யாருக்கும் பயம் வரல. ஏன்னா ஒங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்கும். அந்தப் பயத்த நான் இன்னொரு வீட்டு மேல கொண்டு போட்டுட்டேன். என்னைய மன்னிக்கணும்."

ஒரு ஸ்தோத்திரம்கூட எழவில்லை. ஒரு அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்வரிசையிலிருந்து யாரோ, "எக்கா, இப்ப மாத்திரை உண்டா?" என்றார்கள். இல்லை என்றேன். புஷ்பம் வந்திருந்தாள், கதவருகே நின்றாள். என்னைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று எங்கள் கூட்டத்தில் யாருக்காக என்று சொல்லாமலே ஜெபித்தோம்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி புஷ்பத்தைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வரச் சொல்லு, முதலில் ஸ்டாக் ரூமில் இருக்கட்டும் என்றிருக்கிறார். அவள் எனக்குச் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் பிறகு ஒரு நாள் கோயில் வாசலில் சொன்னார். "அன்னைக்கு கூட்டம் முடிஞ்சு என் வீட்டுக்காரி வந்தா. சாப்பிட உக்காரும்போது, நம்ம மூத்தவள மொத மொத குளிப்பாட்டினது அந்த அக்காதான்னா. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?" கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்தபோது ஆள் போதவில்லை. செல்வினை ஸ்டாக் ரூமிலிருந்து கவுண்டருக்குக் கூட்டிவந்தார்கள். இன்றைக்கும் அங்கேதான் நின்று துணி கிழிக்கிறார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வீடுகளில் அதற்குப் பிறகு குழந்தை குளிப்பாட்ட என்னைக் கூப்பிடவில்லை. மகளுக்குப் பேசிய ஒரு சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் என்னிடம் சுகவீனம், சம்பள உயர்வு என்று மட்டும் விண்ணப்பம் கொடுத்துவந்த பெண்கள், மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உண்மையான காரியங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுவரை எனக்குத் தெரியாது, அத்தனை வருஷமாக அவர்கள் என்னிடம் மேலோட்டமாகத்தான் பேசியிருக்கிறார்கள் என்று. என் ஊழியத்தின் கடைசி சில வருஷங்கள்தான் ஊழியம். அதைக் கொடுத்தது புஷ்பத்தின் கோபம். அவள் அன்று பெருந்தன்மையாக 'பரவாயில்லை எக்கா' என்று சொல்லியிருந்தால் நான் திருந்தியிருக்கவே மாட்டேன். ஆண்டவருக்கு அடுத்தபடி அவளுக்குத்தான் நன்றி சொல்கிறேன்.

ஆகவே ஒருவர் உங்களிடம் பாரத்தை இறக்கி வைத்தால், ஆமென் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். 'இதை எங்கே சொல்லலாம்?' என்று. எங்கேயும் வேண்டாம் என்றால் எங்கேயும் வேண்டாம்தான். உங்கள் கணவனிடமும் மனைவியிடமும்கூடச் சொல்லக்கூடாது. நாக்கைப் பற்றி அவ்வளவு எழுதிய அந்த நிருபக்காரர் அதை வெட்டி எறியச் சொல்லவில்லை. பிடித்துவைக்கச் சொல்கிறார்.

செல்வின் வேலைக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து படியில் எனக்காக நின்றார். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"எக்கா, எனக்கு ஒரு காரியம் உண்டு. ஜெபிக்கணும்" என்றார்.

"சொல்லுங்க தம்பி."

"சொல்லல. ஜெபிச்சா மதி."

சொல்லமாட்டாராம், ஜெபித்தால் போதுமாம். சரி என்றேன். முதல் கொஞ்ச நாள் மண்டை குடைந்தது, என்னவாக இருக்கும் என்று. மனுஷிதானே நானும். பிறகு பழகிவிட்டது. தினமும் காலையில் காப்பி போடுவதற்கு முன் 'ஆண்டவரே, செல்வினுடைய அந்தக் காரியம்' என்பேன். எட்டு வருஷம் சொன்னேன்.

போன ஞாயிறு வாசலில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. "எக்கா, அது நடந்துட்டு கேட்டோ. இனி நிறுத்திக்கிடலாம்" என்றார். புஷ்பமும் கூட நின்றாள், அவள் கண் நனைந்திருந்தது.

ஸ்தோத்திரம் என்றேன். என்ன காரியம் என்று நான் கேட்கவில்லை.